என் பாக்ஸில் மாட்டிப் பார்த்த பேஸ் கிட்டார்

அந்தக் கடைக்காரனை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் ஐந்தாவதைத் தாண்டாதவன்தான். ஆனால் மைக் செட்டைச் சைக்கிளில் கட்டி ஆரம்பித்து, இன்று வில்லியனூரிலிருந்து பாகூர் வரை கச்சேரி என்றால் என் ஸ்பீக்கர்தான் நிற்கும். அப்படிப்பட்ட என் மேடையில், மடுகரைத் திருவிழாவில், என் மகளின் பேஸ் கிட்டார் வண்டு மாதிரி இரைந்தது. கூட்டம் ஊளையிட்டது. "இனிமே மேடை ஏற மாட்டேம்பா" என்று அழுதாள்.

புதிது வாங்கப் புதுச்சேரிக்குப் போனோம். என் ஸ்பீக்கர் பாக்ஸையும் ஆம்ப்ளிஃபயரையும் வேனில் ஏற்றிக்கொண்டேன். கடைக்காரன் பளபளவென்ற சிவப்பு கிட்டார் ஒன்றைத் தன் ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் காட்டினான். அதில் எதை மாட்டினாலும் இனிக்கும்.

"என் பாக்ஸ்ல மாட்டு," என்றேன்.

"பெருசு, கண்டதுல எல்லாம் மாட்ட மாட்டோம்."

"இன்னாடா கண்டது? திருவிழாவுக்கு உன் ஆம்ப்ளிஃபயரையா தூக்கினு வருவ? மாட்றியா, கெளம்பட்டா?"

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினான். கிட்டாரை வாங்கி வாசித்த என் மகள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். சிவப்பு கிட்டார் சும்மா இருக்கும்போதே இரைந்தது.

"உங்க ஒயரிங் கோளாறு," என்றான்.

அவளே மூலையில் கிடந்த மங்கலான பழுப்பு கிட்டார் ஒன்றை எடுத்து, அதே ஒயரில் மாட்டினாள். வாசித்தாள், நிறுத்தினாள். துளி இரைச்சல் இல்லை.

"அது புதுசா கத்துக்கறவங்களுக்கும்மா."

"மேடையில நிக்கப்போறது நானு. இதையே குடுங்கண்ணே," என்றாள்.

எனக்கு மறுபடி கோபம் வந்தது. அவனுக்கு என்ன 'அண்ணே'?