புத்தகத்தோடு வந்த பூச்சி

பழைய புத்தகக் கடையில் நேற்று மூன்று புத்தகங்கள் வாங்கினேன். எனக்கென்று தனி அலமாரி கிடையாது. அப்பா நெய்து முடித்த பட்டுப்புடவை இருக்கும் தட்டிலேயே ஓரமாக அடுக்கினேன்.

இன்று பள்ளி விட்டு வந்து ஒன்றைப் பிரித்தேன். வெள்ளி நிறப் பூச்சி ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடி, புடவை மடிப்புக்குள் நுழைந்துவிட்டது. காகிதம், பட்டு இரண்டையும் அரிக்கும் பூச்சி. புடவையை நாளைக்கு முதலாளியிடம் கொடுக்க வேண்டும்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் நினைத்தேன். முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"உள்ள போச்சா, பின்னால போச்சா? பாத்துக்கினுதானே இருந்தே, சரியா சொல்லுமா" என்றார் அம்மா.

அப்பா தறியை விட்டு எழுந்து வந்தார். "பொஸ்தகத்துல பட்டினி கெடந்துச்சோ இன்னாவோ, இங்க விருந்துக்கு வந்துடுச்சு."

பாயில் புடவையை விரித்து, டார்ச் அடித்து, மூவரும் அங்குலம் அங்குலமாகத் தேடினோம். முந்தானை மடிப்பிலிருந்து பூச்சி தரையில் விழுந்தது. அம்மா மிதித்துவிட்டார். புடவையில் ஒரு ஓட்டைகூட இல்லை.

அப்பாடா என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் அம்மா கேட்டார், "மூணு வாங்கினேன்னு சொன்னியே, ரெண்டுதான் இருக்குது?"

மூன்றாவதைக் காலையில் என் தோழி கௌசியிடம் படிக்கக் கொடுத்திருக்கிறேன். அவள் புத்தகம் வைப்பது, தன் அக்காவின் கல்யாணப் புடவை இருக்கும் பீரோவில்.

போனை எடுக்கமாட்டேன் என்கிறாள். பிள்ளையார்பாளையத்தில் யாராவது இந்தப் பதிவைப் பார்த்தால், தயவுசெய்து அவள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கதை நன்றாக இருக்கும், ஆனால் மொட்டை மாடியில் வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.