சாயத்தண்ணியில் ஒரு பஞ்சமம்

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆர்மோனியம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். சரிதான் போங்கள் என்று ஏழு கண்ணாடிக் கிளாஸ் வாங்கி, தண்ணீரைக் கூட்டிக் குறைத்து ச, ரி, க, ம, ப, த, நி வைத்துவிட்டேன். ஆளுக்கொரு கிளாஸ், ஆளுக்கொரு கரண்டி. தண்ணீர் ஊற்றுவதும் பிள்ளைகள்தான், சிந்தியதைத் துடைப்பதும் அவர்கள்தான்.

'ப' ஒரு வாயாடிப் பெண்ணுடையது. நான் கட்டிய பாட்டில் ஒவ்வொரு வரியும் 'ப'வில்தான் முடியும். அந்தத் திமிர் அவளுக்கு நிறையவே உண்டு. பெற்றோருக்கு வாசித்துக் காட்டும் நாள் நெருங்க நெருங்க ஒரே நச்சரிப்பு.

"டீச்சர், எங்கம்மா வருவாங்கல்ல?"

அம்மா கொழுந்து எடுக்கிறவர். கங்காணி விட்டால்தான் வர முடியும்.

வந்துவிட்டார். மலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், மூச்சு வாங்க வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் வாசலில் மற்றவர்களுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு தொடங்கினோம். முதல் வரி தேனாக ஓடியது. முடிவில் அவள் தட்டினாள். கீச்சென்று எங்கோ உயரத்தில் ஒரு சத்தம்! எட்டிப் பார்த்தால் கிளாஸ் காலி.

"தண்ணி எங்கடி?"

"அம்மாவுக்குக் குடுத்துட்டேன் டீச்சர். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்தாங்க."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுத்த பிள்ளையை என்னவென்று திட்டுவது? பைப்பிலும் காலையோடு தண்ணீர் நின்றுவிட்டது.

"ஐயையோ, நான்தாங்க மடக்குமடக்குனு குடிச்சுப்புட்டேன்!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. உதடு பிதுங்கிவிட்டது. எனக்குப் பாவமாகப் போயிற்று.

அம்மா எழுந்து தன் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். மத்தியானத்துக்கு வைத்திருந்த சாயத்தண்ணி, பால் சேர்க்காத தேநீர்.

"இது ஆகுமாங்க?"

நான் சுருதி பார்க்க என் போனைத் தேடினேன். அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. அம்மா ஊற்ற ஊற்ற, காதைச் சாய்த்துத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"இன்னும்மா... இன்னும் கொஞ்சம்... போதும்மா, போதும்!"

தட்டினாள். சுத்தமான 'ப'. போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

மறுபடி முதலிலிருந்து வாசித்தார்கள். ஆறு வெள்ளைக் கிளாஸோடு சிவப்பாக நின்ற தன் கிளாஸைத் தட்டி அவள் ஒவ்வொரு வரியையும் முடித்தாள். பாட்டு முடியும்வரை அம்மா உட்காரவில்லை. போத்தலின் மூடியையும் போடாமல், இன்னும் வேண்டுமோ என்று மகளின் பக்கத்திலேயே நின்றார்.