கை நிற்காமல் எடுத்த கொழுந்து

என் வீட்டுக்காரரை ரோட்டில் போட்டு அடித்தார்கள். அவர் அலறியது என் காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். இதைப் படித்து என்னைத் திட்டாதீர்கள், அம்மனின் பிள்ளைகளே. முழுவதும் சொல்கிறேன்.

என் மகள் பாக்கியத்துக்கு அப்போது ஐந்து வயது. பேச்சில்லை. முகத்தைப் பார்க்க மாட்டாள். பெரிய சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு, தலையைச் சுவரில் மோதிக் கத்துவாள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் சேர்க்க மாட்டோம் என்றார்கள். பேய் என்றார்கள், நான் செய்த பாவம் என்றார்கள். என் பழைய கொழுந்துக் கூடை ஒன்றில்தான் அவள் அடங்குவாள். அதற்குள் உட்கார வைத்து, தலைமேல் இலையாகப் போட வேண்டும். விழுகிற சத்தம் நின்றால் மறுபடி கத்துவாள்.

பேச்சு வந்தால் கந்தப்பளை அம்மனுக்கு முடியிறக்குவேன் என்று முதலில் நேர்ந்தேன். வராததால், முடியை முதலில் கொடுத்தாலாவது மனமிரங்குவாளோ என்று நாள் குறித்தேன். ஐம்பத்தெட்டாம் வருஷம், வைகாசி. கலவரம் வந்து, இலங்கையில் அங்கங்கே தமிழர்களை அடிக்கிறார்கள் என்று எங்கள் லயத்து வீடுகளில் பேச்சு. என் வீட்டுக்காரர் தயங்கினார். "சாமிக்குச் சொன்ன நாள மாத்தக் கூடாதுங்க" என்று நான்தான் அடம் பிடித்தேன். என் பிடிவாதம்தான் எல்லாம்.

நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஹட்டன் வந்து அடுத்த பஸ் ஏறினோம். மடியில் கூடை, கூடைக்குள் பிள்ளை.

"ஏ புள்ள, கோயிலுக்குப் போறோமா, கொழுந்து நிறுக்கப் போறோமா? ஊரே பாக்குது" என்றார் அவர்.

"பாக்கட்டும். கத்துனா நீங்களா தூக்குவீங்க?"

கண்டக்டர் சிங்களப் பையன். "அக்கே, கூடைக்கும் டிக்கட் எடுக்கணும்" என்று சிரித்தான். அதுதான் அன்றைய கடைசிச் சிரிப்பு.

கொட்டகலை தாண்டி ஒரு வளைவில் ரோட்டுக்குக் குறுக்கே மரத்தைப் போட்டிருந்தார்கள். பஸ் நின்றதும் கல் மழை. முன்சீட்டுக்காரரின் நெற்றி பிளந்து என் சேலையில் ரத்தம் தெறித்தது. கம்பும் கத்தியுமாக ஏறினார்கள். ஆம்பிளைகளை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். வயதான ஒருவரை ஜன்னல் வழியாகவே இழுத்தார்கள். உடைந்த கண்ணாடி அவர் வயிற்றைக் கிழித்தது. பாக்கியம் கத்தத் தொடங்கினாள்.

கண்டக்டர் பின்கதவைத் திறந்து என்னைத் தள்ளினான். "அக்கே, ஓடு! கீழ ஓடு!" என் வீட்டுக்காரர் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். அவர் தோளில் கம்பு இறங்கிய சத்தத்தோடு நான் கூடையும் பிள்ளையுமாகத் தேயிலைக்குள் விழுந்தேன்.

கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த முப்பது பெண்கள் அப்படியே கல்லாகி நின்றார்கள். எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அவர்களின் கங்காணி நரைத்த மீசைக்காரர். என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், மேலே ரோட்டைப் பார்த்தார்.

"நிக்காதீங்கடி! எடுங்க! இந்தப் புள்ளைய நடுவுல வுடுங்க!"

ஒருத்தி தன் இடுப்புச் சாக்கை அவிழ்த்து என் ரத்தச் சேலைக்கு மேல் கட்டினாள். இன்னொருத்தி தன் கூடைக் கொழுந்தைப் பாக்கியத்தின்மேல் கொட்டினாள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினேன். பிள்ளையின் கனம் கழுத்தை இழுத்தது. கை தானாக எடுத்தது. எடுத்துத் தோளுக்குப் பின்னால் போட்டேன். கத்தல் குறைந்து முனகலானது. முனகல் நின்றது.

இரண்டு பேர் கம்போடு இறங்கினார்கள். பஸ்ஸிலிருந்து குதித்தவள் எங்கே என்று கேட்டார்கள். யாரும் வரவில்லை என்றார் கங்காணி. ஓர் அறை விட்டார்கள். வாயில் ரத்தம் வழிய, அவர் எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஏண்டி, என் மூஞ்சியில என்ன படமா ஓடுது? நிறுவைக்குக் கூடை நெறயுமா? எடுடி!"

ஒருவன் என் வரிசைக்கே வந்தான். முதல் பெண்ணின் கூடையில் கம்பை விட்டுக் குத்தினான். இரண்டாவது கூடையிலும் குத்தினான். அடுத்தது நான்.

அப்போதுதான் மேலே என் வீட்டுக்காரரின் அலறல். திரும்பினால் கை நிற்கும். கை நின்றால் பிள்ளை கத்துவாள்.

ஆத்தா, அஞ்சு வருஷமா இவ வாயத் திறன்னு கேட்டேன். இப்ப அத மூடி வையிடி தாயே. அவ்வளவுதான் வேண்டினேன்.

மேலே யாரோ கூப்பிட்டார்கள். பஸ்ஸுக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள். என் கூடைக்கு நேரே ஓங்கிய கம்போடு அவன் ஒரு கணம் நின்றான். பிறகு திரும்பி மேலே ஓடினான்.

அவர்கள் லொறியில் ஏறிப் போகும்வரை எடுத்துக்கொண்டே இருந்தேன். கங்காணி என் கூடையை இறக்கி, மேலே கிடந்ததை அள்ளிப் பார்த்தார். முற்றல் இலை, குச்சி, பூ, எல்லாம்.

"தொர பாத்தா எனக்குப் பத்துச்சீட்டுதான்" என்றார். வேலை போய்விடுமாம். சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனுஷன் குந்தி உட்கார்ந்து அழுதார். அடியில் பாக்கியம் ஒரு இலையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கண்டக்டர்தான் ஒரு வேனை நிறுத்தி என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினான். ஜன்னலில் கிழிபட்ட பெரியவர் வழியிலேயே போய்விட்டார். இவருக்கு இடது கை போனது. ஒரு கண்ணும் போனது. நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "திரும்பிக்கூடப் பாக்கலையேங்க" என்றேன்.

"ரோட்டுல கெடந்து ஒன்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கை நிக்கல. சரி, புள்ள பொழச்சிருச்சுன்னு அப்பறம் நான் சத்தம் போடல. செத்தவன் மாதிரி கெடந்தேன். வுட்டுட்டுப் போயிட்டானுங்க" என்றார்.

நான் நேர்ந்த நாளில் இல்லை, ஆறு மாதம் கழித்துத்தான் கந்தப்பளைக்குப் போனோம். முடியிறக்கியது நான். பாக்கியம் இன்றும் பேசவில்லை. அவளைப் பேச வைக்கும்படி நான் கேட்பதையும் விட்டுவிட்டேன். கூடைக்குள் உட்கார முடியாத உயரம் வந்துவிட்டது. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொள்வாள். நான் இலை போடுவேன். சிரிக்கிறவர்களுக்கு அவரே பதில் சொல்வார்: "எங்க வீட்டு சாமி கூடைய வுட்டு வராது."

இப்படிப் பிள்ளை உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், லயத்துக்குள் பூட்டி வைக்காதீர்கள். கத்தினால் கத்தட்டும். அம்மனிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருக்கும்.