வாங்க என்று சொல்கிற வேலை

கார்சோவாவில் யாரும் யாரையும் "வாங்க" என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது வசவு. உயிருள்ள மனிதன் கூப்பிடாமலே உள்ளே வருவான். அதுதான் எங்கள் ஊர் மரியாதை. கூப்பிட்டால்தான் வாசல்படி தாண்ட முடியும் என்பது பல்லுக்காரர்களின் விதி. அதனால் வாசலில் ஒருவன் தயங்கி நின்றாலே போதும், உள்ளே இருப்பவள் அடுப்புக் கம்பியைக் கையில் எடுத்துவிடுவாள்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லியே வயிறு வளர்த்தவள் ஸம்பீரா. வெல்கான் மாளிகையின் வாசல்காரி. ரத்தம் குடித்தே நூற்றாண்டுகளைத் தள்ளுகிற பல்லுக்காரப் பிரபுக்களிடம் இல்லாதது இல்லை. நீராவிச் சாரட்டு உண்டு, ஆகாயக் கப்பல் உண்டு. பகலில் வெயில் படாமல் உலாவுவதற்காகவே வானத்தை மூடும் புகைபோக்கிகளும் உண்டு. ஆனால் ஒரு விருந்தாளியை உள்ளே விட மட்டும் உயிருள்ள நாக்கு வேண்டும். அதுவும் ஒரு முறை கூப்பிட்டால் ஒரு முறைதான் செல்லும். ஆகவே அவள் வாசலில் நின்று, வருகிறவர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். சந்தையில் அவளைப் பார்த்தால் பெண்கள் ஒதுங்குவார்கள். அவளும் விட மாட்டாள். "உன்னையெல்லாம் கூப்பிட எனக்கு யார் கூலி குடுப்பா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவாள்.

புருஷன் கொதிகலன் வெடித்துப் போய்ச் சேர்ந்தான். மிஞ்சியது மகள் இலிங்கா. வீட்டுக்கு ஒரு பிள்ளை ரத்த வரி என்பது சட்டம். ஒற்றைப் பிள்ளை என்று யாரும் தள்ளுபடி செய்யவில்லை. மாளிகையின் கீழ்த்தளத்தில் கையில் குழாய் பொருத்தி அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். "மேல அம்மா விருந்தாளியக் கூப்பிடுறா, கீழ மக விருந்தாக் கெடக்கறா. நல்ல குடும்பம்டி எங்களுது," என்பாள் ஸம்பீரா. கேட்டவர்கள் சிரித்ததில்லை.

வெல்கான்களுக்கும் சாரோஷ்களுக்கும் முந்நூறு வருஷப் பகை. யாருடைய புகைபோக்கி உயரம் என்பதில் தொடங்கியது. சிரிக்கத்தான் தோன்றும், ஆனால் அந்தப் பகையில் செத்ததெல்லாம் எங்கள் ஆட்கள். இதற்கு நடுவே வெல்கான் சீமாட்டி ருக்ஸாண்ட்ராவும் சாரோஷ் பிரபு கெலமெனும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்தார்கள். இல்லாத உயிரை எப்படி வைப்பது என்று கேட்காதீர்கள், வைத்தார்கள். கரி இறக்கும் பின்கதவில், தொப்பியெல்லாம் சாம்பல் படிய வந்து நிற்பான் கெலமென்.

"கூப்பிடு ஸம்பீரா, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று முதல் நாள் கெஞ்சினாள் ருக்ஸாண்ட்ரா.

"கூப்பிட்டா என் தல போகும் சீமாட்டி. உங்களுக்குன்னா மறுபடி ஒட்டிக்கும்."

"என்ன வேணும், கேளு."

"எம் பொண்ணு வேணும்."

"எங்க கல்யாணத்தன்னிக்கு உன் பொண்ணு வீட்டுக்கு வந்துடுவா. அப்புறம் எந்த வீட்டுக்கும் அவ ஒரு சொட்டு ரத்தம் குடுக்க வேண்டியதில்ல. வெல்கான் பேர் மேல சத்தியம்."

ஸம்பீரா கூப்பிட்டாள். அன்றிலிருந்து கெலமென் வந்தபோதெல்லாம் கூப்பிட்டாள். கரி அறையில் அவன் ருக்ஸாண்ட்ராவின் விரலில் ஒட்டிய கரியைக் கைக்குட்டையால் துடைப்பதையும், அவள் அந்தக் கைக்குட்டையைப் பிடுங்கி ஒளித்துவைப்பதையும் பார்த்து ஸம்பீராவுக்கே மனசு இளகிவிட்டது. பாவம், சின்னஞ்சிறுசுகள் என்று நினைத்துக்கொண்டாள். சின்னஞ்சிறுசுகளுக்கு வயது இருநூறைத் தாண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு ஓனுப்ரி, புகைபோக்கிகளுக்கு நெருப்பு மூட்டுகிற உலைக்காரன். ஒரு சாயங்காலம் கூப்பிடாமல் உள்ளே வந்து, அவளுடைய சோளக்களியில் பங்கு எடுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"நாளைக்கு விடிஞ்சதும் ஊர்ல இருக்கற அத்தன உலையும் அணையுது. காத்து ஒத்துழைச்சா வானம் வெளுத்துடும். பல்லுக்காரங்க கத முடிஞ்சுது."

"வெயில் எப்படிடா இருக்கும்?"

"எங்க தாத்தன் பாத்திருக்கான். மொதல்ல தும்மல் வருமாம்."

"எம் பொண்ணு உள்ள இருக்காளே."

"அதான் கதவ ஒடைக்கப் போறோமே, அக்கா."

கதவை உடைக்கிற கூட்டத்துக்குப் படுக்கையில் கிடப்பவள் யார் என்று தெரியுமா? நெருப்பு வைத்தால் முதலில் எரிவது கீழ்த்தளம்தானே? அவன் போனதும் ஸம்பீரா சால்வையைச் சுற்றிக்கொண்டு மாளிகைக்கு ஓடினாள். ஊருக்குத் துரோகம் என்று தெரிந்தேதான் ஓடினாள்.

"கல்யாணத்த இன்னிக்கே வெச்சுக்குங்க சீமாட்டி. நாளைக்குன்னா நீங்க இருக்க மாட்டீங்க," என்றாள்.

பின்கதவில் கெலமெனைக் கடைசியாகக் கூப்பிட்டதும் அவள்தான். கூடத்தின் கதவு சாத்திக்கொண்டது. வாழ்நாள் முழுவதும் வாசலிலேயே நின்றவளுக்கு உள்ளே நடக்கும் சடங்கு எதுவும் தெரியாது. வெளியே வந்த ருக்ஸாண்ட்ராவின் முகம் பூரித்திருந்தது.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன். காலையில வீட்டுக்கு வருவா. இனிமே அவ எங்களுக்கும் மகதான். கூட்டிட்டுப் போகத்தான் ஆச, கப்பல்ல ரெண்டு பேருக்குத்தான் எடம்."

கெலமென் ஸம்பீராவுக்குத் தலை வணங்கினான். பெரிய மனசுக்காரர்கள் என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காலையில் களி கிண்டி, புளித்த பால் ஊற்றி வைத்தாள். கதவை அகலத் திறந்தாள். ஊரில் ஆலைச் சங்கு ஊதவில்லை, உலை இரையவில்லை. வானத்தின் ஓரம் வெளுக்கத் தொடங்கியது. தெருவெல்லாம் ஆட்டமும் பாட்டுமாக இருந்தபோது, சால்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு இலிங்கா வந்தாள். வந்து வாசலில் நின்றாள்.

"என்னடி, காலு வலிக்குதா?"

இலிங்கா அசையவில்லை. கையில் ஊசித் தழும்பு ஒன்றுகூட இல்லை.

"வீடு மறந்துபோச்சா? உள்ள..." என்று தொடங்கிய ஸம்பீராவின் நாக்கு அப்படியே நின்றது.

"ரெண்டு பேரும் ஒரே கழுத்துல குடிச்சாங்கம்மா. அப்பதான் ரெண்டு வீடும் ஒண்ணாகுமாம். ரத்தம் வத்திப்போனவள மகளாக்கிக்கறது அவங்க வழக்கமாம். ரொம்ப அன்பாத்தான் பேசினாங்க."

தூரத்தில் அந்த ஆகாயக் கப்பல், பக்கத்து ஊர்ப் புகைக்குள் போய் மறைந்துகொண்டிருந்தது. அவர்கள் பிழைத்துவிட்டார்கள். பிழைக்க வைத்தவள் ஸம்பீரா.

எதிர்ச் சுவரில் வெளிச்சம் இறங்கிவந்தது. தெருக்கோடியில் யாரோ தும்மினார்கள், எல்லோரும் சிரித்தார்கள். ஓனுப்ரி திரும்பிப் பார்த்தான். வாசலில் நிற்பவளைப் பார்த்ததும் சிரிப்பு போயிற்று.

"கூப்பிடாத அக்கா! அது உன் மக இல்ல!"

பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். அத்தனை வருஷம் கூலிக்காக, யார் யாரையோ, வெறுத்து வெறுத்துக் கூப்பிட்டவள், முதல் தடவையாகத் தனக்காகக் கூப்பிட்டாள்.

"இலிங்கா, வாடி."

தெருவுக்கே கேட்டது. மகளை இழுத்துக்கொண்டு தாழ்ப்பாளைப் போட்டாள், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டாள். களித் தட்டை எடுத்து நீட்டினாள். இலிங்கா அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பசிக்குதும்மா."

வெளியே உலைக் கம்பிகள் கதவை இடிக்கத் தொடங்கின. அவர்கள் உயிருள்ளவர்கள், யாரும் கூப்பிட வேண்டியதில்லை. ஸம்பீரா தட்டை ஒதுக்கிவைத்துவிட்டுச் சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

"மெதுவாக் குடி," என்றாள். "பொரை ஏறும்."