அப்பா நின்ற கடைகள்

என் தங்கைமேல் எனக்கு இருந்த பொறாமையின் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவளுக்குக் கிடைத்த அப்பா எனக்குக் கிடைத்த அப்பாவைவிட மெதுவாக நடந்தார், அவ்வளவுதான்.

எங்கள் வீடு சிங்காநல்லூரில். அப்பா அங்கேயே ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். நான் சின்ன வகுப்பில் படித்தபோது அவரோடு கடைவீதியில் போவதென்றால் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். ஒரு வளையல் கடையை நின்று பார்க்க விட்டதில்லை. "வா கண்ணு, வேலை கெடக்குது" என்று இழுத்துக்கொண்டு போவார்.

பிறகு நான் பள்ளி வேனில் போக ஆரம்பித்தேன். தங்கை கடைவீதிக்கு அந்தப் பக்கம் இருந்த பாட்டு வகுப்பில் சேர்ந்தாள். கடைவீதியில் வண்டி நிறுத்த இடம் கிடையாது என்று அப்பா சாயங்காலம் நடந்தே போய் அவளைக் கூட்டி வருவார். தினமும் அவள் கையில் ஏதாவது இருக்கும். "அப்பா எல்லாக் கடையிலயும் நிக்கறாரு, அக்கா" என்பாள். பெட்டிக்கடையில் அவருக்கு ஒரு சிகரெட், இவளுக்குத் தேன்மிட்டாய். வளையல் கடையில் நின்றால் கிளிப். நோட்டுக் கடையில் நின்றால் ஸ்டிக்கர். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. மூத்தது மோழை, இளையது காளை என்று எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் எவனோ சொல்லிவைத்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை தங்கைக்குக் காய்ச்சல். எனக்குக் கிராஃப் நோட்டு வேண்டும் என்று சொல்லி அப்பாவோடு கிளம்பிவிட்டேன். நினைத்தபடியே எல்லாம் நடந்தது. பெட்டிக்கடையில் நின்றார், சிகரெட் பற்ற வைத்தார், எனக்கும் தேன்மிட்டாய் வந்தது. வளையல் கடையில் நின்றார், நீல வளையல் வாங்கிக்கொண்டேன். உலகத்திலேயே நல்ல அப்பா என்று தோன்றியது. அடுத்து பைப் சாமான் விற்கும் கடை முன்னால் நின்றார்.

"அப்பா, இங்க எனக்கு என்னங்க வாங்கறது?"

"சித்த இரு அம்மணி. பாத்துக்கிட்டு வாரேன்."

அங்கே தொங்கிய குழாய்களை ஏதோ சிற்பம் பார்ப்பதுபோல் பார்த்தார். நெற்றி வேர்த்திருந்தது. ஒரு காலின் ஆடுதசையை இன்னொரு காலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைக்காரர் "என்ன வேணுமுங்க?" என்று எழுந்து வந்ததும் கூச்சப்பட்டு ஒரு வாஷர் வாங்கினார். கொஞ்ச நேரத்தில் கால் சரியானதுபோல் நடந்தார். பிறகு ஒரு பல் டாக்டர் வாசலில், பல் படம் போட்ட போர்டுக்கு எதிரே, நெடுநேரம் நின்றார். அங்கே வாங்குவதற்கு ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அழுதேன். தங்கச்சியோடு போனால் ஸ்டிக்கர் கடை, என்னோடு வந்தால் பல் டாக்டரா என்று கேட்டேன். அம்மா என் கண்ணீரைக் கண்டுகொள்ளவில்லை. கால எப்படித் தேய்ச்சாரு, எங்கெங்க நின்னாரு, அப்புறம் எப்படி நடந்தாரு என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு அப்பாவிடம் போனாள்.

"ஏனுங்க, டாக்டருகிட்டப் போலாமுங்க."

"பட்டறையில நின்னு நின்னு கால் கடுக்குது. அதுக்குப் போயி டாக்டரா?"

"நின்னு கடுக்கற காலு, நின்னா எப்படீங்க சரியாவும்?"

அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார்.

நால்வரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கையில் ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல் டாக்டர் அப்பாவின் கணுக்காலிலும் பட்டை சுற்றிப் பார்த்தார். "காலுக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கிப்போச்சுங்க. சிகரெட் பண்ணுன வேலை. இது காலோட நிக்காது. நெஞ்சுக்குப் போற குழாயும் அதே புகையிலதான் கெட்டுக்கிட்டு இருக்குது. விட்டுப்போடுங்க. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு தினமும் நடங்க. வலிச்சா நில்லுங்க, விட்டதும் நடங்க" என்றார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. நானோ, தங்கை அப்பாவின் மடியில் உட்கார்ந்திருப்பதையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா சிகரெட்டை விட்டார். வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு, பெட்டிக்கடை வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாராம். வீட்டில் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். திட்டு வாங்கியது பெரும்பாலும் நான். ஒன்றிரண்டு தடவை ஒளிந்து சிகரெட் குடித்து அம்மாவிடம் மாட்டிக்கொண்டார்.

மாதங்கள் போகப் போகத் தங்கையின் வரும்படி குறைந்தது. தேன்மிட்டாய் முதலில் நின்றது. பிறகு கிளிப். சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா ஓடிப்போய், "இன்னிக்கு எதுவரைக்கும் நிக்காம வந்தாரு கண்ணு?" என்று கேட்பாள்.

"ஸ்டிக்கர் கடையில நிக்கவே இல்லீங்கம்மா" என்று ஒருநாள் அவள் விம்மினாள். எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அம்மா அவளை அப்படியே தூக்கி முத்தம் கொடுத்தாள். கோள் சொன்னவளுக்கு முத்தமா என்று அதற்கும் பொருமினேன்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, சித்தி கல்யாணத்துக்குத் துணி எடுக்க நால்வரும் கடைவீதிக்குப் போனோம். அப்பா முன்னால் போனார். பழைய வேகம் முழுதாக வரவில்லை என்றாலும் எங்கும் நிற்கவில்லை. தங்கை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஒவ்வொரு கடையாகத் தாண்டும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிணுங்கினாள். அனுபவிக்கட்டும், இப்போதுதான் இவளுக்கும் என் அப்பா கிடைத்திருக்கிறார் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம்.

அந்தச் சந்தோஷத்தை அம்மாவிடம் சொல்லத் திரும்பினேன். அம்மா வெகுதூரம் பின்னால், நடுத்தெருவில் நின்றிருந்தாள். ஆட்கள் இடித்துக்கொண்டு போவதுகூடத் தெரியாமல், அப்பா போவதையே பார்த்துக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாவம், அம்மாவுக்கும் ஏதோ வாங்க ஆசை இருந்திருக்கிறது, அப்பா நிற்காமல் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.