ந, சி, நடுவில் மண்

இந்த நேரத்தில் பதிவு போடுவதற்கு மன்னியுங்கள். நித்திரை வரவில்லை.

இன்று பின்னேரம் கீழ்வீட்டுக்காரர் உலோகம் தேடும் கருவியோடு எங்கள் பின்முற்றத்தைக் கிண்டினார். மகள் மண் விளையாடும் அதே மூலையில் ஒரு பழைய செப்புத் தகடு!

“மதாம், இது உங்கள் எழுத்தா?” என்று பிரெஞ்சில் கேட்டு நீட்டினார்.

பார்த்தேன். ‘நசி’ என்றிருந்தது. யாரோ செய்வினை செய்து புதைத்திருக்கிறார்கள்.

போன கிழமை அந்த மூலையில் தக்காளி நட்ட மேல்வீட்டு அக்கா, இன்று டெப்பனர் மூலைக்கடையில் என்னைக் கண்டும் கதைக்காமல் போனா.

கணவருக்குச் சிரிப்பு. “ரெண்டு எழுத்துக்கும் நடுவிலயும் பின்னாலயும் மண்ணெல்லோ ஒட்டியிருக்கு. அது ‘நமசிவய’வா இருக்கும். கழுவிப் பாருமப்பா.”

கழுவிய பிறகும் ‘நசி’யாகவே இருந்தால்?

தகடு இப்போது பால்கனியில், சப்பாத்துப் பெட்டிக்குள். கழுவலாமா? தெரிந்தவர்கள் கெதியாகப் பதில் எழுதுங்கள்.

மேல்வீட்டு அக்கா, நீங்களும்தான்.