மருத்துவச்சி ஜாடி

தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனவை அந்த மூன்று பீங்கான் ஜாடிகள். ஜாடி என்றா சொல்வது? தலைகள். தொப்பி விளிம்புதான் ஜாடியின் வாய். சடையோ குடைக்காம்போ கைப்பிடி. கப்பல்காரன், கஞ்சக் கிழவன், குடிகார மருத்துவச்சி. மூவரும் இங்கிலீஷ் கதைப் புத்தகங்களில் வருகிறவர்களாம், பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். எங்கள் வீட்டில் யாரும் படித்ததில்லை.

உருவம் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் தொழக்கூடாது. தூக்கிப் போடவும் அத்தாவுக்குப் பயம்; அந்த ஆள் திரும்ப வந்தால் கண்ணாடி அலமாரியைத்தான் முதலில் பார்ப்பார். அதனால் வேளைக்கு வேளை, தொழுகைக்கு முன்னால் முகங்களைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பதென்று வீட்டுக்குள் ஒரு சட்டம். யாரிடம் கேட்டுப் போட்டாரோ. திருப்புகிற வேலை எனக்கு மூத்தவளான லாத்தாவுக்கு.

லாத்தாவுக்குப் பெரிய மூக்கு, முன்தள்ளிய தாடை. மருத்துவச்சி என்று அவளுக்குப் பேர் வைத்தது நான்தான். எனக்குப் பதினேழு வயது. அழகாக இருந்தேன், அது எனக்குத் தெரியும்.

நான்கு வீட்டார் அவளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருந்தார்கள். ஐந்தாவதாக வேடசந்தூர்க்காரர்கள் வந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் இரண்டாம் தாரமாகத்தான் கொடுக்கணும் என்று அத்தா அவள் காதுபடவே சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது போலத்தான் இருந்தது; பக்கத்தில் உட்கார வைத்துக் கையை விடாமல் பேசிக்கொண்டிருந்தார். அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. இங்கேயே தொழுதுவிடுகிறேன் என்று எழுந்தார். பழக்கதோஷம், லாத்தா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அலமாரிக்குப் போனாள். கப்பல்காரன் திரும்பினான். கிழவன் திரும்பினான். மூன்றாவதைக் கையில் எடுத்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் ரெண்டு மூக்கு, ரெண்டு தாடை, எதிரும் புதிருமாக.

"லாத்தா, அப்டியே ஒம்மூஞ்சியையும் சேத்துத் திருப்பி வச்சுரு" என்றேன்.

மாப்பிள்ளையின் தங்கைகள்தான் முதலில் சிரித்தார்கள். அப்புறம் அந்த அம்மா, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. லாத்தா ஜாடியைக் கீழே போடவில்லை. பத்திரமாகத் திருப்பி வைத்துவிட்டு, வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

நாலாம் நாள் ஆள் வந்தது. சின்னவளைக் கேட்கிறார்களாம். அத்தா என்னைக் கூப்பிட்டார். லாத்தா அங்கேயேதான் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குச் சம்மதமா?"

"சம்மதந்தான் அத்தா."

யோசிக்கச் செத்த நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை நான்.

கல்யாண ரவிக்கையை அவள்தான் தைத்தாள். தோளில் டேப்பை வைத்து அளந்தபோது அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. கொஞ்சம் நிமிர்ந்து நில்லு என்றாள், அவ்வளவுதான். ரவிக்கை கச்சிதமாக இருந்தது.